பழைய வில்லையும் பள்ளிமுனைப் பெருக்கமரமும்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனைக்குச் செல்பவர் எவரும் அங்கு நிற்கும் பெருக்கமரத்தைப் பாராது திரும்புவதில்லை. ஆபிரிக்கக் கண்டத்துக்குரிய இம்மரம் அராபிய வணிகரால் இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டது என்பர். 1477-ஆம் ஆண்டில் நடப்பட்டது என்றும் ஒரு வழக்கு உண்டு. அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீட்டர், உயரமோ ஏறக்குறைய 7.5 மீட்டர்தான். ஆகவே தொலைவிலிருந்து காண்பவருக்கு, மரம் ஒன்று நிற்கிறது என்பதைவிடச் சாம்பல் நிறப் பாறை ஒன்று கிளைவிட்டு நிற்கிறது என்றே தோன்றும். இம்மரத்தின் முன்னே நான்கு பழைய கமரா வில்லைகளை வைத்துக்கொண்டு ஒரு நண்பரும் நானும் மூன்று நாட்கள் செலவிட்டோம். பழைய வில்லை ஒன்றின் தரத்தை எங்ஙனம் அறிவது என்பதே எங்கள் கேள்வி.

அக்கேள்வி பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. நண்பரின் தந்தையார் மன்னாரிலே நிழற்படக் கூடம் வைத்திருந்தவர். அவர் எடுத்த படங்களும் கண்ணாடித் தட்டுகளும் போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் அழிந்தன. எஞ்சியவை மரத்தாலான அரைத்தட்டுக் கமரா ஒன்றும், ஒரு தகரப் பெட்டியில் நான்கு வில்லைகளுமே. கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்து, பளபளப்பான ஒன்றுக்கு நல்ல விலையும், மற்ற மூன்றுக்கும் பித்தளை நிறைக்குரிய விலையும் கூறிச் சென்றார். நண்பருக்குப் பணமும் வேண்டியிருந்தது. தந்தையாரின் கமராவினால் ஊரிலுள்ள முதியோரை மரத்தடியில் இருத்திப் படமெடுக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டார். நான் உடனே கூறிய விடை தவறானது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மன்னார்க் கரையிலே முத்துச் சலாபம் நடந்த காலத்தில், முத்துகளை முதலில் துளையிட்ட பித்தளைத் தட்டுகளிற் சலித்து அளவு கண்டார்கள். அதன் பின்னரே உருட்சியையும் ஒளியையும் நோக்கி, இது ஆணிமுத்து, இது அதனிற் குறைந்தது என்று வகுத்தார்கள். ஒளியைக் கண்டு மயங்கி அளவை மறந்தவன் நட்டப்பட்டான். வில்லைக்கும் இம்முறையே பொருந்தும். பெரிய கமராவுக்குரிய வில்லையைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அது எவ்வளவு கூர்மையானது என்பதன்று; நம் தட்டு முழுவதையும் அது மூடுமா என்பதே.

அரைத்தட்டு என்பது 6½ அங்குல நீளமும் 4¾ அங்குல அகலமும் உடையது. அதன் மூலைவிட்டம் 8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 204 மில்லிமீட்டர். வில்லை ஒன்று வட்டமான ஒளிப்புலத்தையே உண்டாக்குகிறது. அவ்வட்டத்தின் விட்டம் தட்டின் மூலைவிட்டத்திலும் குறையுமாயின், படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுபோகும். வியாபாரி விரும்பிய பளபளப்பான வில்லை, கொம்பூர் மூடியில் அமைந்த 15 சென்றிமீட்டர் டெசார். டெசாரை 1902-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துக்காகப் பவுல் ருடோல்ப் வகுத்தார். நான்கே கண்ணாடிகளைக் கொண்டு அத்துணைக் கூர்மையைத் தந்த வில்லை அதற்கு முன் அரிது. ஆயினும் அது மூடும் கோணம் சிறிது. 15 சென்றிமீட்டர் டெசார் 9-க்கு 12 சென்றிமீட்டர்த் தட்டுக்கே அளவானது. எங்கள் அரைத்தட்டிலே அது நடுவில் ஊசிமுனை போன்ற கூர்மையையும், மூலைகளில் கரிய நிழலையும் தந்தது. சிறிய கமராவுக்கு அது தங்கம். எங்களுக்கோ வேறொருவர் காலுக்குத் தைத்த சப்பாத்து.

இதை அறிவதற்குப் படமெடுக்கவேண்டியதும் இல்லை. பழைய கமராக்களின் மங்கற் கண்ணாடியில் நான்கு மூலைகளும் சற்று வெட்டப்பட்டிருக்கும். வெட்டிய மூலையில் கண்ணை வைத்து வில்லையை நோக்குங்கள். துவாரம் முழு வட்டமாகத் தோன்றினால் அந்த மூலைக்கு ஒளி தடையின்றி வருகிறது. பூனைக்கண்போல ஒடுங்கித் தோன்றினால் வில்லையின் குழாயே ஒளியை மறைக்கிறது. துவாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் எந்த அளவில் முழு வட்டம் தோன்றுகிறதோ, அந்த அளவுக்கு மேல் திறந்து அவ்வில்லையைப் பயன்படுத்துவதில் மூலைகளுக்கு நன்மையில்லை. அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனையை, வில்லை வாங்குவோர் பலர் செய்வதில்லை.

அடுத்தது, கையிலிருப்பது எவ்வகை வில்லை என்று காண்பது. பித்தளை வளையத்திற் பொறித்த பெயரை மட்டும் நம்புதல் கூடாது. முற்பகுதி ஒரு வில்லையினதாகவும் பிற்பகுதி வேறொன்றினதாகவும் மாறியிருக்கக் கண்டிருக்கிறேன். பெயரைவிட உண்மை பேசுவது ஒளித்தெறிப்பு. இருண்ட அறையிலே ஒரு மின்குமிழை ஏற்றி, வில்லையின் ஒரு பாதியைக் கழற்றி, சற்றுச் சரித்துப் பாருங்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பிரகாசமான விளக்குருவைக் காட்டும். இரு கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கும் பரப்போ மங்கலான உருவையே காட்டும். இவற்றை எண்ணினால் வில்லையின் உள்ளமைப்பு தெரிந்துவிடும். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும் கண்டால் அது 1866-இல் இலண்டனில் டால்மேயரும், அதே ஆண்டில் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கண்ட இரட்டைச் சமச்சீர் வில்லை. ஆங்கிலேயர் இதை ரப்பிட் ரெக்டிலீனியர் என்றனர். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு பிரகாசமும் இரண்டு மங்கலும் கண்டால், 1892-இல் எமில் ஃபொன் ஹோக் வகுத்து, பேர்லினில் கோயர்ட்ஸ் நிறுவனம் செய்த டாகோர் இனத்தது. முற்பாதியில் நான்கு பிரகாசம், பிற்பாதியில் இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும் என்றால் டெசார் இனம். முற்பாதியில் இரண்டும் ஒரு மங்கலும், பிற்பாதியில் நான்கு பிரகாசமும் என்றால், 1840-இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் கணித்த உருவப்பட வில்லை.

இவ்வெண்ணிக்கை குடும்பப் பெயரை மட்டும் கூறுவதன்று. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு காற்றுப் பரப்பிலும் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு ஒளி தெறித்துப்போகிறது. தெறித்த ஒளி முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி வில்லைக்குள்ளேயே அலைந்து, இறுதியிற் படத்தின்மேல் வெண்மையான மூட்டமாய் விழுகிறது. நான்கு பரப்புகள் உள்ள வில்லையைவிட ஆறு அல்லது எட்டுப் பரப்புகள் உள்ளது கூடுதலான மூட்டத்தைத் தரும். மன்னாரிலோ மேலே வெண்மையான வானம், கீழே வெண்மணல், பக்கத்திலே கடல். இத்தகைய இடத்தில், ஒட்டிய கண்ணாடிகளால் பரப்புகளைக் குறைத்த டாகோரும் ரெக்டிலீனியரும் எதிர்பாராத தெளிவைத் தருகின்றன.

பரப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பழைய வில்லையில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு மினுமினுப்புப் படர்ந்திருந்தால், பலர் அது கெட்டுவிட்டதென்று எண்ணித் தேய்த்து நீக்க முயல்வர். 1890-களில் இங்கிலாந்தில் டெனிஸ் டெய்லர் என்பவர் அத்தகைய மங்கிய வில்லை புதியதைவிட மிகுதியான ஒளியை உட்செல்ல விடுவதைக் கண்டார். காலத்தால் கண்ணாடியின் மேற்பரப்பில் உண்டான மெல்லிய படலம் தெறிப்பைக் குறைத்திருந்தது. 1935-இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா வெற்றிடத்திற் பூச்சிடும் முறையைக் கண்டு, இயற்கை தாறுமாறாகச் செய்ததைச் செம்மையாகச் செய்தார். ஆகையால் அந்த மினுமினுப்பைத் தேய்ப்பவர் நோயை விட்டு மருந்தைக் கொட்டுபவர் ஆவார்.

கண்ணாடியிலுள்ள குறைகளில் எது சிறிது, எது பெரிது என்பதில் மக்கள் பெரும்பாலும் தலைகீழாகவே எண்ணுகிறார்கள். உள்ளே காணப்படும் சிறு காற்றுக் குமிழிகள் தீங்கற்றவை. 1880-களில் ஜேனா நகரிலே அபேயும் ஷொட்டும் உருவாக்கிய புதுக் கண்ணாடிகளைக் குமிழியின்றி வார்ப்பது கடினமாயிருந்தது. அக்காலத்து வில்லையில் இரண்டொரு குமிழி இருப்பது அது நல்ல கண்ணாடி என்பதற்கே அடையாளம். முன் கண்ணாடியில் ஓர் ஆழமான கீறல் இருந்தால் அதனைக் கறுப்பு மையால் நிரப்பிவிடுங்கள். ஒளியைச் சிதறவிடாது, படத்திலும் தோன்றாது. ஆனால் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஆயிரம் மெல்லிய கீறல்கள் ஒன்றுகூடினால் அது பனிமூட்டத்துக்குச் சமம். இவை எங்கிருந்து வருகின்றன? சாரத்தின் முனையிலிருந்து வருகின்றன! கடற்கரைக் காற்றில் உப்பும் நுண்மணலும் கலந்திருக்கும். முதலில் ஊதி அகற்றாமல் துணியால் துடைத்தால், வில்லையை மணற்றாளால் உரசுவதுபோலத்தான்.

டோர்ச் விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சரிவாகப் பாய்ச்சினால் உள்ளே உள்ளவை யாவும் தெரியும். மூச்சுக்காற்றுப் படிந்ததுபோன்ற மங்கல் பெரும்பாலும் எண்ணெய் ஆவியும் தூசியும் படிந்தது. கழற்றித் துடைத்தால் நீங்கும். சிலந்திநூல்போலக் கிளைவிட்டுப் படர்வது பூஞ்சணம். தொடக்கத்தில் அதுவும் நீங்கும். நாட்பட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துத் தடம் வைத்துவிடும். தோற்பையே பூஞ்சணத்துக்குச் சிறந்த இருப்பிடம், ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாடைக் காலத்தில் மழையோடு வரும் ஈரத்திலிருந்து காக்க, சிலிக்கா ஜெல் மணிகள் இட்டு இறுக மூடிய பெட்டி போதும். நண்பரின் தந்தையார் தகரப் பெட்டியைத் தேர்ந்தது தற்செயலா, அனுபவமா, அறியேன். நான்கு வில்லைகளில் ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை.

ஆனால் டாகோரிலே வேறொரு நோய் இருந்தது. பிற்பாதியின் விளிம்பைச் சுற்றிப் பொன்னிறத் தேமல் போன்ற திட்டுகள். மூன்று கண்ணாடிகளையும் ஒட்டிய கனடா பால்சம் என்ற மரப்பிசின் உலர்ந்து விடுபடுவதால் உண்டாவது இது. தகரக் கூரையின் கீழ் நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பம் இதனை விரைவுபடுத்தும். வியாபாரி இதைக் கண்டே அவ்வில்லையைப் பித்தளை நிறைக்குக் கேட்டார். நானும் அவரோடு உடன்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

துவார எண்களைப் பற்றியும் ஒரு சொல். ரெக்டிலீனியரின் வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்று பொறித்திருந்தது. நண்பர் 64-இல் வைத்து, எஃப் 64-க்குரிய நேரம் கணக்கிட்டுப் படமெடுத்தார். தாள் கரியாய் வந்தது. 1881-இல் பிரித்தானிய நிழற்படச் சங்கம் வகுத்த வேறோர் எண் முறை அது. அம்முறையில் 16 மட்டுமே எஃப் 16. 4 என்பது எஃப் 8, 64 என்பது எஃப் 32. ஆகவே வேண்டியதைப்போல் நான்கு மடங்கு ஒளியை அவர் கொடுத்துவிட்டார். பழைய வில்லையில் எண்களை நம்பாமல் அளந்து பார்த்துவிடுவது நலம். முன்புறமிருந்து நோக்கும்போது துவாரம் தோன்றும் விட்டத்தால் குவியத்தூரத்தை வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். குவியத்தூரமும் பொறிக்கப்படவில்லையா? கடலின் விளிம்பு தெளிவாகத் தோன்றுமாறு துருத்தியை அமைத்து, பலகையில் ஒரு கோடிடுங்கள். பின்னர் ஓர் அடிமட்டத்தை முன்னே வைத்து, மங்கற் கண்ணாடியில் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகவே தோன்றும்வரை துருத்தியை நீட்டி, மீண்டும் கோடிடுங்கள். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம். எந்த வில்லைக்கும் இது பொருந்தும்.

இனி, என் தவறான தீர்ப்புக்கு வருகிறேன். பெட்டியிலே மிகப் பெரியதும் மிகப் பழையதும் பெட்ஸ்வால் வில்லை. முதலில் அதை மாட்டி மரத்தை நோக்கியபோது, மங்கற் கண்ணாடியில் எங்குமே கூர்மை இல்லை. நடுவிலும் இல்லை. துவாரத்தைச் சிறிதாக்கியபோது சற்றுத் தெளிந்தது, அவ்வளவுதான். "இது செத்த வில்லை; பித்தளைக்குக் கொடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். நண்பர் முகம் வாடினார்; தந்தையார் முதியோரையும் மணமக்களையும் அதனாலேயே எடுத்தாராம்.

அன்றிரவு என் மனம் அமைதியாக இல்லை. பெட்ஸ்வாலின் குறைகள் யாவரும் அறிந்தவை. ஆனால் நடுப்பகுதிக் கூர்மையிலே அது யாருக்கும் இளைத்ததன்று. வியன்னாவின் பேராசிரியர் பீரங்கிப் படையிலே கணக்கிற் தேர்ந்தோரைத் துணைக்கொண்டு கணித்து, எஃப் 3.6 என்ற அக்காலத்தில் நம்பமுடியாத வேகத்தை அடைந்தார். நிமிடக் கணக்கில் அசையாது இருக்கவேண்டியிருந்த மக்களுக்கு முகப்படம் எடுப்பதை அதுவே எளிதாக்கியது. அத்தகைய வில்லை நடுவிலேயே மங்கினால், குற்றம் வில்லையின் பிறப்பில் இராது. பின் வந்தோர் கையில் இருக்கவேண்டும். மறுநாட் காலையில் பிற்பாதியைத் திறந்தோம். அதன் இரு கண்ணாடிகளும் ஒட்டப்பட்டவை அல்ல. நடுவில் ஒரு வளையம் இட்டுத் தனித்தனியே அமைந்தவை. எப்போதோ துடைப்பதற்காகக் கழற்றிய எவரோ, அவற்றுள் ஒன்றைப் புறம் மாற்றி வைத்துவிட்டார். கண்ணாடியைத் திருப்பி வைத்தோம். மரப்பட்டையின் ஒவ்வொரு சுருக்கமும் மங்கற் கண்ணாடியின் நடுவிலே எழுந்து நின்றது.

ஆகவே, பெட்ஸ்வால் வில்லை மோசமாகத் தோன்றினால் விற்பதற்கு முன் பிற்பாதியைத் திறந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடியை மட்டும் எடுத்து, எந்தப் பக்கம் முன்னோக்கி இருந்தது என்பதை விளிம்பிலே பென்சிலாற் குறித்துக்கொள்ளுங்கள். செய்தவர்களே அங்கே எண்ணோ கையொப்பமோ இட்டிருப்பதும் உண்டு. அதைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

நடுவிற் கூர்மை வந்தபோதும், ஓரங்களில் கிளைகள் சுழல்வதுபோல் மங்கின. இது வில்லையின் இயல்பு. அது உண்டாக்கும் படம் தட்டையாய் விழாது, கிண்ணம்போல் வளைந்து விழும். ஓரத்திலுள்ள பொருள் தெளிவாக வேண்டுமாயின் அது நடுவிலுள்ளதைவிடக் கமராவுக்குச் சற்று அருகில் இருத்தல்வேண்டும். பழைய கூடங்களில் எடுத்த குழுப்படங்களைப் பாருங்கள்; நாற்காலிகளைப் பிறைவடிவிலே போட்டு, இரு முனையில் இருப்போரை முன்னுக்கு அமர்த்தியிருப்பார்கள். அழகுக்காக மட்டும் செய்ததன்று. வில்லையின் வளைவுக்கு ஆட்களை வளைத்தார்கள். உருண்டு பின்னோக்கிச் செல்லும் மரத்தின் ஓரங்களோ இதற்கு நேர்மாறானவை. எனவே இருமடங்கு மங்குகின்றன. ஆனால் ஒரு முதியவரின் முகத்தை எடுக்கும்போது, கண்கள் கூர்மையாகவும் காதுகளும் தோள்களும் மெல்லக் கரைந்தும் வருகின்றன. இதைக் குறை என்பதா, குணம் என்பதா? சுவரிலே செய்தித்தாளை ஒட்டிப் படமெடுத்து வில்லையைச் சோதிப்பவர் குறை என்றே முடிவு செய்வார். செய்தித்தாளைப் படமெடுப்பதே அவர் தொழிலாயின் அம்முடிவு சரியே.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஓர் அம்மையாரை நினைவுகூரலாம். ஜூலியா மார்கரெட் கமரன் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்து, 1875-இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879-இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்தவர். அவருடைய முதல் வில்லை, பாரிஸ் நகரத்து ஜாமின் செய்த பெட்ஸ்வால் இனத்தது. 1866 முதல் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மேயர் ரெக்டிலீனியரைக் கொண்டு பெரிய தட்டுகளில் முகங்களை எடுத்தார். கூர்மை போதாது என்று அக்காலத்து நிழற்படச் சங்கத்தார் அவரைக் குறைகூறினர். அவரோ கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதே தம் வழக்கம் என்றார். அவருடைய படங்கள் இன்று உலகின் பெருங்காட்சிசாலைகளில் இருக்கின்றன.

மறுபுறத்தில் லின்னேயஸ் ட்ரைப். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராகப் பணியாற்றிய அவர், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, 19 அடிக்கு மேற்பட்ட ஒரே சுருளாக்கினார். கல்லிலே பொறித்த எழுத்தைப் படிக்கவேண்டிய இடத்தில் ஓரங்கள் சுழல்வதற்கு இடமில்லை. கமரன் அம்மையார் விரும்பிய பெட்ஸ்வால் ட்ரைப்புக்குப் பயன்பட்டிராது.

அக்காலத்து வில்லைகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அன்றைய தட்டுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன; கண்ணோ மஞ்சளையும் பச்சையையும் சிறப்பாகக் காண்கிறது. நிறங்களெல்லாம் ஒரே இடத்திற் குவியாத வில்லையில், கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றிய இடமும் தட்டிலே தெளிவாய் விழும் இடமும் வேறுபடும். நண்பரும் நானும் புரோமைட்டுத் தாளையே மறைநிலைப் படத்துக்குப் பயன்படுத்தினோம். அதுவும் நீலத்தையே உணர்வது. ஆகையால் ஓர் அடிமட்டத்தைச் சரித்து வைத்து, நடு எண்ணிற் குவித்துப் படமெடுத்துப் பார்த்தோம். நடு எண்ணே தெளிவாய் வந்தது. எங்கள் வில்லைகள் மூன்றும் தேறின. டாகோரில் மட்டும் வேறொரு விலகல் இருந்தது. முழுத் துவாரத்திற் குவித்துவிட்டுத் துவாரத்தைச் சிறிதாக்கினால் குவியம் சற்றே நகர்கிறது. அவ்வினத்தின் இயல்பு இது. படமெடுக்கும் துவாரத்திலேயே குவித்துவிட்டால் தீர்ந்தது. கறுப்புத் துணியின் கீழ், எஃப் 22-இன் மங்கலான வெளிச்சத்திலே குவிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

கூர்மை எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கையில் ஏந்திப் பார்க்கும் படத்தில், ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்து முதல் ஏழு கோட்டிணைகளையே நம் கண் பிரித்தறியும். தட்டை நேரே தாளின்மேல் வைத்து அச்சிடுபவருக்கு அதுவே போதும். துவாரம் மிகச் சிறுக்கும்போது ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. பள்ளிக்கூட நூல்கள் இதைக் கோணல் என்கின்றன. அதனால் எஃப் 64-இல் மிகச் சிறந்த வில்லையும் மில்லிமீட்டருக்கு இருபத்தைந்து கோட்டிணைகளுக்கு மேல் தரமுடியாது. அங்கே நூறாண்டுப் பழைய வில்லையும் நேற்று வந்ததும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கின்றன. தட்டைப் பலமடங்கு பெருக்கி அச்சிட விரும்புவோருக்கு மட்டுமே எஃப் 16-க்கும் 22-க்கும் இடையில் வில்லை என்ன செய்கிறது என்ற கேள்வி முக்கியமாகிறது.

இந்த எஃப் 22-இலேதான் பொன்னிறத் தேமல் விழுந்த டாகோர் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பெருக்கமரம் இலையுதிர்த்து நின்ற வேளை. வெண்மையான வானத்தின்மேற் கரிய கிளைகள். வில்லைக்கு இதனைவிடக் கடுமையான தேர்வு இல்லை. மூலைகளில் புள்ளி கோடாகிறதா, கிளையின் விளிம்பு இரட்டிக்கிறதா, மூட்டம் எழுகிறதா என்பவை யாவும் ஒரே படத்திற் தெரிந்துவிடும். பதினைந்து மீட்டர் தூரத்தில் முக்காலியை நாட்டி, ரெக்டிலீனியராலும் டாகோராலும் ஒவ்வொரு படம் எடுத்து, உருப்பெருக்கியால் ஒப்பிட்டோம். ரெக்டிலீனியர் நடுவிற் சிறந்து மூலைகளிற் சற்றுத் தளர்ந்தது. எஃப் 32-க்குப் போனபின்னரே ஓரங்கள் இறுகின. டாகோரோ மூலைவரை ஒரே சீராக இருந்தது. பிசின் விட்டது விளிம்பில் மட்டுமே. துவாரத்தைச் சிறிதாக்கியதும் ஒளி நல்ல நடுப்பகுதி வழியே மட்டும் சென்றது. பிசின் முழுவதும் விட்டுப்போனாலும் அதன் முற்பாதி தனித்து, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு குவியத்தூரமுள்ள வில்லையாகப் பயன்படும்.

பித்தளை விலைக்குப் போகவிருந்த மூன்றில் இரண்டு இவ்வாறு தப்பின. டெசாரை நண்பர் விற்றார். வியாபாரி கூறிய விலை அதற்கு நியாயமானதே. ரெக்டிலீனியரையும் விற்க எண்ணினார். அது பழுதற்ற வில்லை, கற்பவருக்கு ஏற்றது என்று நான் கூறியதால், படம் பழகும் ஓர் இளைஞரிடம் கொடுத்தார். எஃப் எண்களைக் காகிதத்தில் எழுதி வளையத்தில் ஒட்டியே கொடுத்தோம்.

மூன்றாம் நாட் பிற்பகல் ஒரு முதியவர் மரத்தடியில் வந்தமர்ந்தார். சோளகக் காற்று சற்றே ஓய்ந்திருந்தது. பெட்ஸ்வாலுக்கு மூடி இல்லை. முன்னே மாட்டும் தொப்பியைக் கழற்றி மாட்டுவதே வழி. துவாரத் தகடுகளும் காணாமற்போயிருந்ததால், கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டிச் செருகியிருந்தோம். நண்பர் குவிப்பதற்கு நெடுநேரம் எடுத்ததைக் கண்ட முதியவர், "தம்பி, மரமும் ஓடாது, நானும் ஓடேன், ஆறுதலாய் எடும்" என்றார். தொப்பி கழன்றது, இரண்டு எண்ணி மீண்டும் மாட்டப்பட்டது. அன்றிரவு சிவப்பு விளக்கின் கீழ்த் தாளிலே முதலில் எழுந்தவை இரு கண்கள். பின்னர் நெற்றிச் சுருக்கம். அவற்றுக்குப் பின்னே, சுழன்று மங்கும் சாம்பல் நிறமாய் மரம். நண்பர் தாளைக் கழுவிக் கொடியிற் கொழுவினார். மறுநாள் கொண்டுவரவேண்டிய ஆறு பேரின் பெயர்களை அதன் பக்கத்துச் சுவரிலே பென்சிலால் எழுதிவைத்தார்.